விட்டுக்கொடுக்கக் கூடியவை

உலக வரலாற்றில் பேச்சுவார்த்தைகள் பல நடந்திருக்கின்றன. போர்கள் நின்றிருக்கின்றன, எல்லைக்கோடுகள் நகர்ந்திருக்கின்றன. அந்த வரிசையில், மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் துணி மடிக்கும் பிரிவு தொடர்பாக, சனிக்கிழமை பிற்பகல் ஒரு மணிக்கு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது என்பதைப் பணிவன்புடன் அறிவித்துக்கொள்கிறோம். தொழிலாளர் தரப்பில் கையெழுத்திட்டவர் இஸ்திரிப் பிரிவுக்காரர். 'நல்ல பேச்சுவார்த்தையாளர் ஆவது எப்படி' என்ற இரண்டு நாள் வகுப்பில் சான்றிதழ் பெற்றவர். மடிக்கும் பிரிவில் வேலை செய்யும், அன்று வார விடுமுறையில் வீட்டிலிருந்த தன் அக்காவை அவர் தொலைபேசியில் அழைத்தார். அக்கா பேசியது நமக்குக் கேட்காது. அவள் அதிகம் பேசவும் இல்லை.

ஹலோ... அக்கா, நான்தான்... கேக்குதா? கீழ மெஷின் ஓடுது, அதான் படிக்கட்டுல நின்னு பேசறேன்... ஆமா, ஆமா, முடிஞ்சிடுச்சு. ஒரு மணிக்கே கையெழுத்தாயிடுச்சு... இல்ல, சும்மாதான், கொஞ்சம் வேலை இருந்துச்சு, அதான் இவ்வளவு நேரம்... சொல்றேன், சொல்றேன். மொதல்ல மாமா எப்படி இருக்காரு?... வாசல் கேட்டு வரைக்குமா? நேத்தா?... அட. உன் தோளைப் பிடிச்சிட்டுதானே? அது போதும்க்கா. பக்கவாதம் வந்த மனுஷன் நாலு மாசத்துல கேட்டு வரைக்கும் வர்றதுன்னா சும்மாவா... ஆமாமா. சாயங்காலம் நாலு மணிக்கு நடக்க நீ எழுப்பினாத்தான் எழுந்திருப்பாரு. அன்னைக்கு நான் எழுப்பப் போயி, தலையணையைத் தூக்கி அடிச்சாரே... இல்ல, வராத கையாலதான் அடிச்சாரு. அதை டாக்டர்கிட்ட சொன்னியா இல்லையா?

சரி, விஷயத்துக்கு வர்றேன். நிர்வாகம் என்ன சொல்லிச்சு? மடிக்கிற ஏழு பேரும் திங்கக்கிழமையிலேர்ந்து மதிய ஷிஃப்ட். ரெண்டு மணிக்கு வந்தா ராத்திரி பத்துக்குத்தான் வீடு. ஏழு பேரும். இப்ப எத்தனை பேர்னு நினைக்கிற?... இல்ல... இன்னும் கீழ... இன்னும் கீழக்கா. ஒண்ணு. ஒரே ஒரு ஆளு. ஆறு பேரைக் காப்பாத்திட்டேன்.

...எப்படியா? அதான் வகுப்பு. எதிராளி பேசினா அவரோட கடைசி வார்த்தைகளை நாம திருப்பிச் சொல்லணும். மனசைத் திறந்துடுவாராம்... ஆமா, சொன்னேன். மேனேஜர் 'ஏழு பேரும் மதியத்துக்கு மாறணும்'னாரு. நானும் 'ஏழு பேரும் மதியத்துக்கு மாறணும்'னேன். உடனே கிளார்க் பக்கம் திரும்பி, 'எழுதிக்கோ, பிரதிநிதியும் அதையேதான் சொல்றாரு'ன்னுட்டாரு... சிரிக்காத. அந்த வரியை அடிக்க வைக்கவே முக்கால் மணி நேரம் ஆச்சு... அப்புறம் வாயை மூடிட்டு உக்காந்தேன். அதுவும் பாடந்தான். மொதல்ல பேசறவன் தோத்தான். அவர் டீ குடிச்சாரு, ரெண்டு பிஸ்கட் தின்னாரு, வீட்டுக்குப் போன் பண்ணினாரு. நான் அசையல. கடைசியில அவரே, ஆறு பேர் காலையிலயே இருக்கட்டும், ஒருத்தர் போதும்னுட்டாரு... சாப்பாட்டு நேரமாயிடுச்சு, பசிச்சிருக்கும். அது வேற விஷயம்.

...யாருன்னா... அதைத்தான் சொல்ல வர்றேன்... இல்ல, கண்ணாடியம்மா இல்ல. அவங்க பேரைச் சொன்னா என் வீட்டு வாசல்ல வந்து நின்னு தெருவையே கூட்டிடுவாங்க... புதுப்பொண்ணும் இல்ல, கைக்குழந்தைக்காரி... நெட்டச்சியா? அவ வீட்டுக்காரரும் நானும் ஒரே டேபிள்ல இஸ்திரி போடறோம். தினம் அந்த மூஞ்சியைப் பாக்கணுமே...

ஒரு நிமிஷம் இரு, அக்கா. வணக்கம் சார். ஆமா சார். ரொம்பத் திருப்தி சார். எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லிட்டிருக்கேன் சார். எல்லாம் உங்க பெருந்தன்மை சார்... சரிங்க சார், சரிங்க சார்... ம், போயிட்டாரு. மேனேஜர்தான்... அது குழையறது இல்லக்கா. நல்லுறவைப் பேணுதல். ரெண்டாம் நாள் பாடம்.

...ம்.

...ஆமா.

...ஆமாக்கா. நீதான்.

ஹலோ?... இருக்கியா?... ஏதாவது பேசுக்கா.

...யாரு சொன்னதா? மேனேஜர் ஒரு பேர் கேட்டாரு... கேட்டாருதான். பேரை அவர் சொல்லல... சரி, நான் சொன்னேன். பேனாவைத் திறந்து வச்சிட்டு மூஞ்சியையே பாக்கறாரு, ஃபேன் வேற ஓடல, சட்டுனு வாயில வந்துடுச்சு...

...எப்படி வந்துச்சுன்னா...

சரி. வாயில வரல. காகிதத்துல இருந்துச்சு. உள்ள போறதுக்கு முன்னாடியே ரெண்டு பட்டியல் எழுதிக்கணும்னு வகுப்புல சொன்னாங்க. எதை விடவே கூடாது, எதை விட்டுக்கொடுக்கலாம். ரெண்டாவதுல, நமக்கு அதிகமா வலிக்காததாப் பாத்து எழுதணுமாம்... வியாழக்கிழமை... மத்தியானம். சாப்பிட்டுக்கிட்டே எழுதினேன்... ஆமா. நீ கட்டிக் குடுத்த சாப்பாடுதான்.

...ஏன்னா, மத்த ஆறு பேரும் என்னைச் சும்மா விடமாட்டாங்க. நீ விட்டுடுவ. அவ்வளவுதான்க்கா. வேற யோசனை ஒண்ணும் இல்ல.

...மாமாவையா?... நினைச்சேன். நினைக்காமயா இருப்பேன். நாலு மணின்னு கூட நினைச்சேன். அக்கா எப்படியாவது சமாளிச்சுக்குவான்னு எழுதிட்டேன். எப்பவும் சமாளிக்கிறியே.

...திட்டு. ரெண்டு வார்த்தை நல்லாத் திட்டேன்... 'சரிடா'ன்னா? என்ன சரிடா?... இதுக்கு நீ திட்டியே இருக்கலாம்க்கா. இவ்வளவு நேரம் போனை எடுக்கறதும் வைக்கறதுமா இந்தப் படியிலதான் நின்னுட்டிருந்தேன். வேலை ஒண்ணும் இல்ல. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, அதான்.

...ஹலோ?... சரி, ஒண்ணு பண்றேன். நாலு மணிக்கு நான் வந்து மாமாவை எழுப்பறேன்... அடிச்சா வாங்கிக்கறேன்... எழுந்திருக்கவே மாட்டாரா?... மூணு நாள் படுத்தா மறுபடி கால் விறைச்சிடும்னு டாக்டரே சொன்னாரா... ம். வேணும்னா ஞாயித்துக்கிழமையும்... சரி, அதுவும் உதவாது...

பேசுக்கா.

...

சரி, இதைக் கேளு. என் காலை ஷிஃப்டை நீ எடுத்துக்கோ. ஆமா, என்னோடதை. நீ இஸ்திரிக்குப் போ, உனக்குத் தெரியாத வேலையா. நான் மதியத்துல மடிக்கறேன். கத்துக்க மாட்டேனா?... என் பொண்டாட்டிகிட்ட நான் பேசிக்கறேன், கத்துவா, கத்தட்டும்... நிஜமாத்தான்க்கா. மாமா கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வரணும். எனக்கு அது போதும்... பாத்தியா, நீ ஒண்ணுமே கேக்கல. ஒரு வார்த்தை கேக்காம எங்கிட்டேர்ந்து எல்லாத்தையும் வாங்கிட்ட. உள்ள என்னை அனுப்பினதுக்கு உன்னை அனுப்பியிருக்கலாம்.

...ஒத்துக்குவாங்களான்னா? ஏன் ஒத்துக்காம, ரெண்டு பேரும் சம்மதிச்சா அவங்களுக்கு என்ன போச்சு... ஒப்பந்தமா? கையிலதான் இருக்கு. இரு, பாக்கறேன். ஒண்ணு, மேற்படி பிரிவில் ஆறு பேர்... ம். ரெண்டு, ஒருவர் மதியம்... மூணு, இது குடிதண்ணி மெஷின். அதுவும் நான் வாங்கினதுதான்... நாலு...

...

ஒண்ணுமில்ல... இல்லக்கா, சும்மா நிறுத்தினேன்... படிக்கிறேன். 'இன்றிலிருந்து ஓராண்டுக்கு எந்தப் பிரிவிலும் எவரும் எவருடனும் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள அனுமதியில்லை'... இல்ல. அவர் போடல... நான்தான். நாளைக்கு நிர்வாகம் ஆளை மாத்தி நம்மளை ஏமாத்திடக் கூடாதுன்னு நான்தான் கேட்டேன்... அவர் வேண்டாம்னுதான் சொன்னாரு. யாருக்காவது வீட்டுல ஒரு கஷ்டம்னா என்ன பண்ணுவீங்கன்னு கூடக் கேட்டாரு. கால் மணி நேரம் வாதாடி வாங்கினேன்.

...ம்... மணி நாலாச்சா?... எழுப்பு, எழுப்பு. மெதுவா... நான் லைன்லயே இருக்கேன்... அக்கா?

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அக்கா வேலைக்குப் போனாள்.