அமாவாசைப் பாட்டுக்காரன்

பிள்ளைகளே, ஆரணியிலிருந்து சேவூர் போகும் டவுன் பஸ்ஸில் அப்பா காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருவர், மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த படவேட்டு அம்மா. மற்றவர் மாப்பிள்ளையின் அக்கா. மாப்பிள்ளை யார் தெரியுமா? நீங்கள் சதா பாடுகிறீர்களே ‘பச்சை சைக்கிள்’, அந்த ராக் பேண்டில் கிடார் வாசிப்பவர்.

“ஏம்மா, உன் தம்பி சூனியம் வைக்கிறவனா?”

“யாரு சொன்னதுக்கா?”

“போன்லயே போட்டிருக்காங்க. இவங்க பாட்டெல்லாம் அமாவாசையிலதான் வருதாமே. சூனியம் பண்ணித்தான் மெட்ராஸ் மேடை வரைக்கும் போய்ட்டாங்களாம். எங்க வூட்டுக்காரரு வேணவே வேணாம்னுட்டாரு. பொண்ணு அழுதுகினு கெடக்குது, அதான் நானே நேர்ல பாக்க வந்தேன்.”

அக்கா சிரித்துவிட்டார்.

“அட, பேண்டுல மூணு பேருமே நெசவுதான்க்கா. எங்க தெருவுல தறிக்கு லீவே அமாவாசை அன்னைக்குத்தான். மத்த நாள்ல அந்தச் சத்தத்துல பாட்டை எங்க ரெக்கார்டு எடுக்கிறது? ‘பச்சை சைக்கிள்’, அப்புறம் ‘மொட்டைமாடி’, ரெண்டு ஹிட்டும் எங்க வூட்டுத் தறி பக்கத்துல குந்திகினு எடுத்து, அன்னைக்கே போன்ல போட்டதுதான்.”

படவேட்டு அம்மா அக்கா பக்கம் நெருங்கி உட்கார்ந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

“கல்யாணத்துக்காச்சும் லீவு போடுவானா?”

“அன்னைக்கு எங்க தெருவே தறியை நிறுத்திடும்க்கா.”

“ஐயோ, வேணாம்மா! சத்தமில்லன்னு தாலி கட்டாம பாட்டு எடுக்கக் குந்திடப் போறான்!”