ஷிப்டுக்கு முன்னால் பொம்மி கூவிய ஆங்கிலம்

அடி பொம்மி! என் தங்கச்சி பொம்மி! உன் அக்கா மேடையேறிவிட்டாளடி, பார்!

தலைமை தாங்கும் பரசுராமன் ஐயா அவர்களே, சங்கத்தைச் சுமக்கும் பெரியவர்களே, சமையலை இறக்கிவைத்துவிட்டுச் சங்கக் கூட்டத்துக்கு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, கும்மிடிப்பூண்டிக் கம்பெனிகளில் கால் கடுக்க நின்றுவிட்டு வந்தும் கை வலிக்கக் கைதட்டும் என் தோழிகளே! ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட கல்பனாவின் வணக்கம்.

என் தங்கை இளமதியை உங்களுக்குத் தெரியும். வீட்டில் அவள் பொம்மி. போன கார்த்திகையில் காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் போய்விட்டாள். இந்தச் சங்கக் கட்டட மாடியில் அவள் நடத்திய ஆங்கில வகுப்புக்கு இன்றைக்குள் இருபது பேர் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த அறையில் உடைந்த நாற்காலியை அடுக்கிவிடுவார்கள். இதுவரை பதினேழு பெயர். மீதி மூன்று பேரைப் பிடிக்காமல் இந்த மைக்கை நான் விடமாட்டேன்!

என்ன ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள்? பெரிய பெரிய வார்த்தையா? பெரிய அதிகாரி நம்மிடம் பெரிய வார்த்தையா பேசுகிறார்? ‘பிக் அப் த பாக்ஸ்’ என்கிறார், பெட்டியைத் தூக்கு. ‘த்ரோ அவே த ஸ்கிராப்’ என்கிறார், கழிவைக் கொட்டு. எல்லாம் சின்ன வார்த்தை. அதற்குப் பின்னால் அதைவிடச் சின்னதாக ஒரு வால். எழுந்தால் ‘கெட் அப்’, உட்கார்ந்தால் ‘சிட் டவுன்’, கையுறை மாட்டினால் ‘புட் ஆன்’, கழற்றினால் ‘டேக் ஆஃப்’! வால் இல்லாத மாடு ஈ ஓட்டுமா? வாலை விட்ட ஆங்கிலமும் வேலைக்கு ஆகாது தாய்மார்களே!

ஷிப்டுக்கு முன்னால் நம்மை வரிசையில் நிறுத்துவார்கள் அல்லவா? ஒருத்தி கூவ வேண்டும், மற்றவர்கள் அப்படியே திருப்பிக் கூவ வேண்டும். எங்கள் லைனில் பொம்மிதான் கூவுவாள். ‘ஸ்விட்ச் ஆஃப் த மெஷின்!’ என்பாள், நாற்பது தொண்டை திருப்பிச் சொல்லும். ஒருநாள் வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் பார்வையிட வந்திருந்தார். நடுவில் அவள் போன் அலறியது. பேசியது எங்கள் அம்மா மணியம்மாள். ‘ஹேங் அப், அம்மா!’ என்றாள் பொம்மி, போனை வை என்று. வரிசை விடுமா? நாற்பது பேரும் ஒரே குரலில், ‘ஹேங் அப், அம்மா!’ விருந்தினர் தலையை ஆட்டி ஆட்டிக் குறித்துக்கொண்டார்! அந்தப் பக்கம் எங்கள் அம்மா, “இன்னாடி இது, ஊட்ல கொழம்பு இன்னா வைக்கறதுன்னு கேட்டதுக்குக் கம்பெனியே கூடிக்கினு கத்துது!” என்று போனை வைத்துவிட்டாள்.

வீட்டிலும் அதே கூத்துதான். காலை ஐந்தரைக்குக் குழாயடியில் வரிசை. ‘ஃபில் அப் த பாட்டில்!’ நாங்கள் திருப்பிச் சொல்வோம். என் வீட்டுக்காரர் ரகு கொட்டாவியோடு வந்து நிற்பார். ‘டை அப் யுவர் லுங்கி, மாமா!’ என்பாள். “காலங்காத்தால பேஜாரு பண்றா பாரு உன் தங்கச்சி” என்று என்னிடம் புலம்புவார். புலம்பிக்கொண்டே லுங்கியைக் கட்டுவார். கட்டிக்கொண்டே, ‘டை அப் யுவர் லுங்கி, மாமா’ என்று திருப்பியும் சொல்வார்!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அவள் ஏன் இவ்வளவு பாடுபட்டாள்? என்னால்தான். நிரந்தர வேலைக்கு ஒரு தாளைக் கொடுத்து, ‘ஃபில் இன் பண்ணி ஹேண்ட் இன் பண்ணும்மா’ என்றார் சூப்பர்வைசர். பூர்த்தி செய்து திருப்பிக் கொடு என்று அர்த்தம். எனக்கு அது தெரியுமா? கேட்க வெட்கம். நல்ல சேதித் தாள் என்று நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, ஒரு மாதம் கற்பூரம் காட்டினேன். சாமியும் அதைப் பூர்த்தி செய்யவில்லை! பட்டியலில் என் பெயர் வரவில்லை. பொம்மி மூன்று நாள் சிரித்தாள். நாலாம் நாள் அழுதாள். அடுத்த வாரமே இந்த மாடியில் வகுப்பைத் தொடங்கினாள்.

இன்னொருத்தி மஞ்சள் தடவலாமா? கேட்க வெட்கப்பட்டுக் கிடைக்கிற வேலையைக் கோட்டை விடலாமா? விடலாமா தோழிகளே?

அங்கே என்ன, மேரியா? எழுந்து சத்தமாகக் கேளம்மா.

“சொல்லிக் குடுக்கறவளே போய்ட்டா. இனிமே கூவறது யாருக்கா?”

நான்தான், மேரி. ஏன் சிரிக்கிறாய்? அவளுடைய நோட்டு என்னிடம் இருக்கிறது. எனக்காக எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறாள். தெரிந்ததை உங்களுக்குக் கூவுகிறேன். தெரியாததை உங்களோடு சேர்ந்து போய் யாரிடமாவது கேட்கிறேன். இனிமேல் எனக்கு வெட்கம் கிடையாது.

“அப்ப எழுதிக்கோக்கா, என்னையும் மோனிகாவையும்!”

பதினெட்டு, பத்தொன்பது! இன்னும் ஒருத்தி, ஒரே ஒருத்தி! முன்வரிசையில் எழுவது யார்? அம்மாவா?

“எம் பேரும் போடுடி. அறுவத்தொரு வயசானா இன்னா? தொண்டை இருக்குதுல்ல!”

தலைவர் ஐயா தலையாட்டிவிட்டார். இருபது! வகுப்பு நடக்கும்! நாளை மாலை ஆறு மணிக்கு, மாடியில்!

பெயர் கொடுத்த கைகளுக்கும், பொறுத்துக்கொண்ட காதுகளுக்கும், மைக்கைப் பிடுங்காத தலைவர் ஐயாவுக்கும் என் நன்றி. பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.

பொம்மி, முதல் நாள் அத்தனை பேர் முன்னால் நின்றபோது உனக்கும் இப்படித்தான் கால் நடுங்கியதாடி?