முதலாளியின் மணல் தட்டு

— ...ஒண்ணுதாங்க இருக்கு.

— மணலை நல்லா கிளறிப் பாரு. வலது மூலையில பாரு, பூனைக்குப் பிடிச்ச மூலை.

— மூலை முடுக்கெல்லாம் பாத்துட்டேன். ஒரே ஒரு மூத்திரக் கட்டி. ரெண்டுல்ல இருக்கணும்...

— ரெண்டு இருக்கணும்னு யார் சொன்னா?

— யாராவது சொல்லணுமா? காலண்டர்ல நீங்கதான கோடு போட்டு வச்சிருக்கீங்க. ஒன்பது நாளா ரெண்டு ரெண்டு கோடு.

— ஆமா... போட்டுருக்கேன்.

— வந்ததும் வராததுமா ஏன் சுவத்துல சாயறீங்க? உடம்பெல்லாம் மாவு. அப்புறம் சுவரைத் தொடைக்கிறது யாரு?

— மூணரைக்கு எழுந்து ரொட்டிக்கடைக்கு ஓடினவன்டி. கண்ணை மூடினா பன்னா வருது. வரிசை வரிசையா, மெதுவா உப்பிக்கிட்டே...

— நின்னுக்கிட்டே தூங்காதீங்க. கட்டில்ல போய்ப் படுங்க.

— நீ கிளம்புற வரைக்கும் பேசிட்டு இருக்கேனே. ஒரு நாளைக்கு நமக்கு இந்த ஒரு மணி நேரம்தான். நான் வந்தா நீ போற. நீ வர்றப்போ நான் குறட்டை.

— அதைக் குறட்டைன்னா சொல்றீங்க? கீழ் வீட்டம்மா கேட்டாங்க, ராத்திரியில மேசை நாற்காலி எல்லாம் இழுத்துப் போடுறீங்களான்னு.

— நீ என்ன சொன்னே?

— ஆமான்னுட்டேன். குடும்ப மானம்னு ஒண்ணு இருக்குல்ல.

— ஹ்ம்... இன்னிக்கும் உனக்குப் போர்வைதானா?

— போர்வைதான். மூட்டை மூட்டையா. ஆஸ்பத்திரியில எல்லாரும் ஒரே நேரத்துல எழுந்து வீட்டுக்குப் போயிட்டாங்களோன்னு இருக்கும். அந்தச் சலவைக்கூடத்து ஆவியில பக்கத்துல நிக்கிறவ முகமே தெரியாது. எல்லாம் வெள்ளை. நேத்து அதுக்குள்ள முதலாளி நடந்து வந்த மாதிரி இருந்துச்சு.

— வேலை நடக்கிற இடத்துக்கு முதலாளி ஏன் வருது? அந்தப் பூனைக்கு அப்படிப் பேர் வச்சதே நீதான... நாள் பூரா தூங்கிட்டு, நாம உக்காந்தா முறைக்குதுன்னு.

— வாலைத் தூக்கிக்கிட்டு வந்துச்சுங்க. நான் கூப்பிடல. கூப்பிட்டா போயிடும்னு பேசாம நின்னேன்.

— எனக்கும் அப்படித்தான். அடுப்புக் கதவைத் திறந்தா உள்ள இருந்து ஒரு காத்து வரும் பாரு, காலை உரசிட்டுப் போற மாதிரி. குனிஞ்சு பாப்பேன். மாவுதான் கிடக்கும்.

— ஜன்னல் வழியா போய்ப் பத்து நாளாச்சு.

— பத்து நாள்.

— ஆனா போகலையே. அதான தினமும் வந்துட்டுப் போகுதே. நம்ம கண்ணுல படாம. நான் தூங்கினப்புறம் வந்து, மீனைத் தின்னுட்டு, தட்டுல போயிட்டு, மூடி வச்சிட்டு...

— அது மூடுறதைத்தான் பாக்கணும். பின்காலை ஒரு பக்கமா வச்சிக்கிட்டு, முன்காலால பறிச்சுப் பறிச்சு... அப்புறம் பக்கத்துல இருக்கிற சுவரையும் சேத்துப் பறிக்கும். மூடுறதுக்கு மணல் பத்தலன்னு சுவரைக் கேக்கும்.

— சுவரும் குடுக்கும்னு அதுக்கு நினைப்பு.

— பகல்ல எங்க இருக்கும்னு நினைக்கிற?

— வேற ஒரு வீட்ல. நான் அதைத்தான் நினைச்சு வச்சிருக்கேன். பெரிய வீடு. ஜன்னல் ஓரமா ஒரு நாற்காலி, அதுல யாரும் உக்கார மாட்டாங்க. வெயில் மட்டும் உக்காரும். அதுல படுத்துருக்கும்.

— அங்க அதுக்கு வேற பேர் இருக்குமோ?

— இருக்கும். ஆனா திரும்பாது. நம்ம வீட்லயே கூப்பிட்டா எப்பத் திரும்பிச்சு?

— அந்த வீட்ல... மணல் தட்டு இருக்கும்ல?

— இருக்குமா இருக்கும். ஏன் கேக்கறீங்க?

— இல்ல... கக்கூஸ் மேல ஏறி உக்காருன்னு யாரும் அதைச் சொல்ல மாட்டாங்க இல்ல. அதான்.

— மறுபடியும் ஆரம்பிக்காதீங்க.

— நான்தான ஆரம்பிச்சேன்? செல்போன்ல எவனோ ஒருத்தன் காட்டினான்னு வட்டமா ஒரு தட்டை வெட்டி, கக்கூஸ் மேல வச்சு, மணலைப் போட்டு... முதல் வாரம் நடுவுல பொத்தான் அளவு ஓட்டை. ரெண்டாவது வாரம் டம்ளர் அளவு. மூணாவது வாரம்...

— எனக்காகத்தான பண்ணீங்க. மணல் மூட்டையை நாலு மாடி தூக்கிட்டு வந்து என் இடுப்பு விட்டுப் போச்சுன்னு.

— ரெண்டு வாரம் ஒழுங்காத்தான் உக்காந்துச்சு. நாலு காலையும் ஒண்ணா சேத்து வச்சிக்கிட்டு. எனக்குத்தான் பேராசை. மூணாவது வாரம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெட்டிட்டேன்.

— விழுந்துச்சு. எழுந்துச்சு. விடுங்க.

— வயிறு வரைக்கும் தண்ணி. வெளிய வந்து நின்னு என்னைப் பாத்துச்சு. அப்ப நான்... சிரிச்சேன்டி.

— தெரியும்.

— வயித்தைப் பிடிச்சிக்கிட்டு சிரிச்சேன். அது பாத்துக்கிட்டே நின்னுச்சு. மறுநாள் ஜன்னல்.

— பூனைக்கு அதெல்லாம் தெரியுமா என்ன...

— அதுக்குத் தெரியும். பழைய தட்டைத் தேடி எடுத்து, கழுவி, புது மணல் போட்டு அதே மூலையில வச்சேன்ல. ஏன் வச்சேன்? வந்து அதுல ஒருவாட்டி போச்சுன்னா, சரி போடா, விட்டுட்டேன்னு சொன்ன மாதிரி.

— அதான் போயிருச்சே. ஒன்பது நாளா போகுதே. அதை நினைங்க.

— ம்... அந்தச் சீப்பைக் கொஞ்சம் எடு.

— எதுக்கு இப்ப சீப்பு?

— தலையெல்லாம் மாவு... இது என்ன? சீப்புல இருந்து மணல் கொட்டுது.

— எங்க... ஓ, அதுவா. கீழ விழுந்திருக்கும். தட்டுக்குள்ள.

— குளியலறை அலமாரியில இருந்து குதிச்சுப் போய் தட்டுக்குள்ள விழுந்துச்சா?

— சீப்புக்கு என்ன தெரியும்... குடுங்க, கழுவிட்டு வரேன். எனக்கு நேரமாகுது. டப்பாவுல மீன் வேக வச்சு மூடி வச்சிருக்கேன், வந்து தட்டுல போட்டுக்கிறேன். நீங்க எடுத்துத் தொலைச்சுராதீங்க.

— உப்பு போட்டியா?

— பூனைக்கா? டாக்டரம்மா என்ன சொன்னாங்க, போன வருஷம் மூத்திரம் அடைச்சப்போ? ஒரு கல் உப்பு கூடாதுன்னாங்களா இல்லையா? மீனை வெறும் தண்ணியில வேக வச்சுக் குடுங்க, தினமும் எத்தனை கட்டின்னு எண்ணுங்கன்னாங்க. அப்ப ஆரம்பிச்சதுதான உங்க காலண்டர் கோடு.

— சரி... முள்ளை மட்டும் இன்னும் கொஞ்சம் பாத்து எடு.

— யாருக்கு?

— முதலாளிக்குத்தான்.

— பூனைக்கு முள் எடுத்துக் குடுன்னு சொல்ற மனுஷனை இங்கதான் பாக்கறேன். என்ன தொண்டையைத் தொண்டையைச் செருமுறீங்க?

— மாவு தூசி.

— இன்னிக்கு ஏன் இவ்வளவு லேட்டு? பதினொண்ணுக்கே வர்ற ஆள்.

— வர்ற வழியில ஒருத்தரைப் பாத்தேன்.

— யாரை?

— டாக்டரம்மாவை.

— ...எந்த டாக்டரம்மா?

— முதலாளியோட டாக்டரம்மா. ஒன்பது நாளா கட்டி ரெண்டும் ஒரே அளவு. ஒருநாள் பெருசு, ஒருநாள் சிறுசுன்னு இல்ல. அச்சுல வார்த்த மாதிரி. மறுபடியும் அடைப்போன்னு பயம் வந்துருச்சு.

— அதுக்கு?

— காலையில போறப்போ ஒரு கட்டியை எடுத்து டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போனேன்.

— அதான் ஒண்ணு...

— அதான் ஒண்ணு குறையுது.

— கொண்டு போய்க் காட்டிட்டீங்களா?

— காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பாத்தாங்க. உடைச்சுப் பாத்தாங்க. அப்புறம் முகர்ந்தாங்க. எனக்குத்தான் மாவு ஏறி ஏறி மூக்கே செத்துப் போச்சே, அவங்களுக்கு நல்ல மூக்கு.

— என்ன சொன்னாங்க?

— திரும்ப ஒருவாட்டி முகர்ந்தாங்க. வீட்ல யாரு டீ போடுவாங்கன்னு கேட்டாங்க.

— டீக்கும் பூனைக்கும் என்னங்க...

— என் பொண்டாட்டிதான்னு சொன்னேன். இஞ்சி தட்டிப் போடுவாங்களான்னு கேட்டாங்க.

— இஞ்சியையுமா கண்டுபிடிச்சாங்க...

— கர்சீப் வேணுமா?

— வேண்டாம். சிரிப்புத்தான் வருது... இல்ல, அழுகைதான். எதுன்னு தெரியல.

— ரெண்டும் வரட்டும். யார் வேண்டாம்னா?

— பால் கலக்காத டீ. தினம் ராத்திரி வந்து, உங்க டம்ளர்ல மிச்சம் இருக்கிறதை ரெண்டு இடத்துல ஊத்துவேன். கட்டியானதும் சீப்பால மூடுவேன். உக்காந்து, அது பண்ற மாதிரியே. கடைசியில சுவரைக் கூட...

— சுவரைக் கூட?

— ரெண்டு தடவை கீறுவேன். விரலால. அப்பதான் முழுசா இருக்கும்னு.

— அடிப்பாவி...

— கோவமா?

— தினம் மூணரைக்கு எழுந்து, பல் கூட விளக்காம முதல்ல அந்தத் தட்டைத்தான் பாப்பேன். ரெண்டு கட்டி. அழகா மூடி வச்ச மாதிரி. மன்னிச்சுருச்சுடான்னு நினைச்சிட்டு மாடிப்படி இறங்குவேன். நாலு மாடியும் கால் தரையில படாது.

— அதுக்குத்தாங்க பண்ணேன். நீங்க முதல் நாள் இருந்த இருப்பு எனக்குத் தெரியும்.

— தெரிஞ்சு...

— முழுசா கேளுங்க. அது போன மறுநாள் காலையில எழுந்து பாத்தேன். மீன் வச்ச தட்டு காலி. அப்படியே துள்ளிட்டேன், வந்திருக்குன்னு. ஆனா மணலைப் பாத்தா ஒரு கீறல் இல்ல. புது மணல் அப்படியே கிடக்கு. நீங்க வந்து அதைப் பாத்தா என்ன நினைப்பீங்க? சோத்துக்கு வருது, நான் வச்ச தட்டைத் தொட மாட்டேங்குது, இன்னும் கோவமாத்தான் இருக்குன்னு நினைக்க மாட்டீங்களா?

— நினைச்சிருப்பேன்.

— அதான். பாதியை அது பண்ணுச்சு. மீதியை நான் பண்ணேன். பெரிய பொய் இல்லீங்க. சின்னதுதான்.

— அப்ப நீ நம்புற... அது வருதுன்னு.

— இது என்ன கேள்வி? நான் எங்க இருந்தாலும் ராத்திரி அந்தத் தட்டை நினைச்சிக்கிட்டேதான் இருக்கேன். இஸ்திரி போடறப்போ, பஸ்ல தூங்கி விழறப்போ... இந்நேரம் பைப்பைப் பிடிச்சு ஏறியிருக்கும், இந்நேரம் ஜன்னல்ல நிக்கும்னு. அது வர்றதாலதான் நான் வேலைக்கே போறேன்.

— ஜன்னலை மூடிடலாமா... மழை வர்ற மாதிரி இருக்கு.

— மூடாதீங்க. எப்படி வரும்?

— சரி, மூடல. இந்தப் பையைப் பிடி.

— பை ஏன் இவ்வளவு கனமா இருக்கு? ஒரு பக்கமா சாயுது. பன்னா?

— பன் இல்ல. காகிதம்.

— என்ன காகிதம்?

— எடுத்துப் பாரு.

— இது... முதலாளி படம். நாற்காலியில உக்காந்து முறைச்சிட்டிருந்தப்போ எடுத்ததுல்ல? காணவில்லைன்னு போட்டிருக்கு.

— அறுபது எடுத்தேன். டாக்டரம்மா வாசல்ல ஒண்ணு ஒட்டிட்டேன். ரொட்டிக்கடையில ஒண்ணு. பாக்கியை நாம ரெண்டு பேரும்...

— தினமும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போற பூனைக்கு எதுக்குங்க நோட்டீஸ்?

— இன்னிக்கு லீவு சொல்லிடேன். பக்கத்துத் தெருவுல இருந்து ஆரம்பிக்கலாம். ஒன்பது நாளா நாம யாரையும் கேக்கல. ஒரு சந்துல கூட தேடல.

— வந்துட்டுப் போறதை எதுக்குத் தேடணும்? அந்த டாக்டரம்மா ஏதாவது சொன்னாங்களா? டீ நான் ஊத்தினேன், ஒத்துக்கறேன். மீனு? அதை யாரும் ஊத்த முடியுமா? தட்டு காலியாத்தான கிடக்கு. முள் மட்டும் ஓரமா ஒதுக்கி, நக்கின மாதிரி பளபளன்னு...

— பசை டப்பாவை எங்க வச்சோம்?

— ஏன் என்னைப் பாக்க மாட்டேங்கறீங்க?

— மணி ஆகுது. சூப்பர்வைசருக்கு போன் பண்ணு.

— பண்றேன். முதல்ல நீங்க சொல்லுங்க. தினம் ராத்திரி நான் ஆசையா வக்கிற மீனை, காலையில நான் எழுந்து பாக்கறதுக்குள்ள...

— மீன் அப்படியே கிடந்தா நீ உடைஞ்சு போவியேன்னுதான்... கீழ கொட்ட மனசு வரலடி. உன் கைப்பக்குவம்... உப்பு மட்டும்தான் இல்ல.