நார்மல் அண்ணனின் கட்டைவிரல்

என் பேச்சு நீண்டால் மணியடிக்கத் தயாராக வீற்றிருக்கும் தலைவர், நம் பணிமனை மேலாளர் அவர்களே! ஊசி குத்தும்போதும் சிரிக்க வைக்கும் மருத்துவர் அம்மா அவர்களே! ஓய்வு பெற்றும் ஓய்வறியாத மூத்த ஓட்டுநர்களே! வீடு என்னும் வண்டியை நிறுத்தமே இல்லாமல் ஓட்டும் தாய்மார்களே! பஞ்சர் ஒட்டும் பாசமிகு தோழர்களே! அனைவருக்கும் இந்தக் கண்டக்டரின் கனிவான வணக்கம்.

சர்க்கரை நோய் பற்றிப் பேசச் சொன்னார்கள். நானோ சர்க்கரை நோய் இல்லாத ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். யார் அவர்? கத்தாதீர்கள், நானே சொல்கிறேன். என் தங்கையின் கணவர். என் வண்டியின் ஓட்டுநர். இரத்தப் பரிசோதனையில் 'நார்மல்' என்று வந்த நாள் முதல் நீங்கள் எல்லோரும் 'நார்மல் அண்ணன்' என்று அழைக்கும் என் அருமை மாப்பிள்ளை.

நம் பணிமனைக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் என்றால் குளிர்பானம் வரும். சர்க்கரை உள்ளவர்கள் தங்கள் பாட்டிலை இல்லாதவர் பக்கம் தள்ளிவிடுவார்கள். எல்லாம் மாப்பிள்ளை முன்னால் வந்து நிற்கும். கேட்டால், "மச்சான், சர்க்கரை இல்லாதவன் குடிக்கலைன்னா வேற யாரு குடிக்கிறது?" என்பார். அங்கே சிரிப்பது மெக்கானிக் அண்ணன்தானே? உங்கள் பாட்டிலும் அதில் உண்டு.

ஒருநாள் விடியும்போது அவருடைய கால் கட்டைவிரல் தக்காளியாய்ச் சிவந்து வீங்கியிருந்தது. போர்வை பட்டாலே துடித்தார். ஷூ ஏறவில்லை. ஷூ ஏறாத கால் பிரேக்கில் ஏறுமா? பிரேக்கில் ஏறாத காலை நம்பிப் பயணிதான் வண்டியில் ஏறுவாரா? மேலாளர் அவரை வண்டிச் சாவிகள் தொங்கும் அறையில், சாவி எடுத்துக் கொடுக்கும் வேலையில் உட்கார வைத்தார். ஓட்டுநர் இருக்கையே போய்விடுமோ என்று என் தங்கை கலங்கினாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

மருத்துவர் அம்மாவிடம் அழைத்துப் போனேன். "இரத்தத்துல யூரிக் அமிலம் ஏறியிருக்கு, அது விரல் மூட்டுல படிஞ்சுதான் இந்த வீக்கம். சர்க்கரை வரம்புக்குள்ளதான், ஆனா ஓரத்துல நிக்குது" என்றார்.

"எனக்குத்தான் சர்க்கரையே இல்லையேம்மா. விரலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"இனிப்பு பானம் யூரிக் அமிலத்தை ஏத்தும். உடம்பு இன்சுலினுக்குச் சரியா இசையலைன்னா இன்சுலின் கூடுதலாச் சுரக்கும். அப்ப சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளிய விடாம பிடிச்சு வச்சுக்கும். சர்க்கரை நோய் இல்லாதவங்ககிட்டயும் சர்க்கரையும் யூரிக் அமிலமும் சேர்ந்து ஏறுறதைப் பார்க்கிறோம். எது முன்னால, எது பின்னாலன்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குது. உங்க விரல் ஹாரன் அடிச்சிருக்கு, அவ்வளவுதான்."

ஹாரன் என்றதும் என் மாப்பிள்ளைக்கு விளங்கிவிட்டது. மருந்து உண்டார், தண்ணீர் குடித்தார், வலி விட்டதும் நடந்தார். பாட்டிலைத் தொடவில்லை. வீக்கம் வடிந்தது. அடுத்த பரிசோதனையில் யூரிக் அமிலம் இறங்கியது. சர்க்கரையும் ஓரத்தை விட்டு உள்ளே வந்தது.

பெரியோர்களே! நார்மல் என்பது பட்டமா? பதவியா? பரம்பரைச் சொத்தா? அது இன்றைய நிலவரம், அவ்வளவுதான். நோய் வந்தவருக்கு ஓடி ஓடிப் பத்தியம் சொல்கிறோமே, வராதவரை வராமல் காப்பது யார் வேலை? அன்பால் தள்ளினோம், அலுக்காமல் தள்ளினோம், அண்ணனின் கட்டைவிரல் வரைக்கும் தள்ளினோம்! இனித் தள்ளுவதென்றால் தண்ணீரைத் தள்ளுவோம்! முன்வரிசையில் இப்போதும் ஒரு பாட்டில் நகர்கிறது. பார்த்துவிட்டேன், அப்படியே வைத்துவிடுங்கள்.

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். உங்களை வீடு சேர்க்க வாசலில் நம் வண்டி நிற்கிறது. சாவி அறையிலிருந்து மீண்ட மாப்பிள்ளை இன்றுதான் மறுபடி அதை ஓட்டுகிறார். அதோ, எழுந்து போகிறார். நொண்டாமல் போகிறார், பாருங்கள். எனக்குக் கண் கலங்குகிறது. அதைப் பார்க்காதீர்கள், அவர் காலைப் பாருங்கள். ஷூ ஏறிவிட்டது.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், பொறுத்துக்கொண்ட தலைவருக்கும் நன்றி, வணக்கம். பிரேக்கில் அவர் கால் இருக்கிறது, விசில் என்னிடம் இருக்கிறது. ஏறுங்கள், போகலாம்.