காலியாகத் திரும்பிய சாக்கு

காளப்பநாயக்கன்பட்டியில் மலை பஸ் ஏறினேன். முன் சீட்டில் வளப்பூர் நாட்டுக்கு டிக்கெட் வாங்கிய ஒரு கணவனும் மனைவியும். கணவர் தன் மடியில் ஒரு சாக்கை மடித்து வைத்திருந்தார்.

"காலிச் சாக்கோட ஊட்டுக்குப் போறதுக்கு இத்தன சந்தோசப்படறவன் நானாத்தான் இருப்பேன்," என்றார். "ஹாஸ்டல்லருந்து பாப்பாவோட புஸ்தகம், துணியெல்லாம் இதுல கட்டித் தூக்கிட்டு வரணும்னுதான் போனேன்."

"அப்பிடி என்னங்க தப்பாக் கேட்டுட்டா? பாடம் நடக்கறப்ப பொம்பளப் புள்ளைங்க பாத்ரூமை ஏன் பூட்டறீங்கன்னு பிரேயர்ல கேட்டா," என்றார் மனைவி.

"அதுக்குத்தான் மன்னிப்புக் கேக்கணும், இல்லீன்னா டி.சி.ன்னு கரஸ்பாண்டண்ட் நின்னாரே."

"பூட்டறதே இல்ல, உங்க பொண்ணு பொய் சொல்லுதுன்னாருங்க."

"அப்பத்தான நீ வாயப் பொத்திட்டு எந்திரிச்ச. மலை எறங்குனது வவுத்தப் பெரட்டுது, பாத்ரூம் எங்கீங்கன்னு கேட்ட. அவரே கூட்டிட்டுப் போனாரு. பாத்தா பூட்டு தொங்குது. சாவி யாருகிட்டன்னு அவருக்கே தெரியல. ஆயா சாவியோட வர்ற வரைக்கும் மனுசன் எம் மூஞ்சியப் பாக்கல. அப்பறம் பாப்பாகிட்ட, கிளாசுக்குப் போம்மான்னுட்டாரு."

"இனிப் பூட்டக் கூடாதுன்னு ஆயாகிட்டயும் சொன்னாருங்க."

பஸ் முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. அவர் சாக்கை விரித்து மனைவியிடம் நீட்டினார்.

"இந்தா, மறுக்காப் பெரட்டுனா இதுல வாந்தி எடு."

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சின்னதுலருந்து இந்த வளைவுலதான் ஏறி எறங்கறேன். எனக்கு என்னைக்குங்க பெரட்டியிருக்குது?"