நாற்பத்திரண்டு வீடு, பதினொரு நிமிடம்

வீட்டில் மிச்சம் இருக்கும் அறைகளை வாடகைக்கு விடுவதென்றால், நான் பல்கலைக்கழக லெக்சரர்மாருக்குத்தான் விடுவேன். சத்தம் போட மாட்டார்கள். கட்டுகஸ்தோட்டையிலிருந்து பேராதனைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதையே வந்து இரண்டு மாதம் போன பிறகுதான் கவனிப்பார்கள். ஒருத்தர் அட்டையின் எச்சிலை ஆராய்ந்தார். மழை நாளில் தன் காலையே அதற்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். இன்னொருத்தர் ஏழு வருடம் வௌவால் எண்ணினார். கல்யாணம் எப்போது என்று கேட்டால், இன்னும் எண்ணி முடியவில்லை என்பார்.

இந்த அறையில் சொல்வது வெளியே போகாது என்று மேடம் சொன்னதால் ஆறுதலாகவே சொல்கிறேன். பல்கலைக்கழக விசாரணைக் குழு என்றதும் நான் பயந்துதான் வந்தேன். மூன்று பேரும் நல்ல மாதிரியாகத் தெரிகிறீர்கள்.

இப்போது என் வீட்டு மேல்மாடியில் இருப்பவர் டொக்டர் ஸ்ரீதரன். யாழ்ப்பாணத்துக்காரர், மண்சரிவு ஆராய்ச்சி. எங்கள் லேனுக்குப் பின்னால் இருக்கும் மலையில் இரும்புக் கம்பி நட்டு, அது எவ்வளவு நகர்கிறது என்று மாதா மாதம் அளப்பார். பக்கத்து அனெக்ஸில் இருப்பது அஸீமா. அலவத்துகொடப் பிள்ளை, சமூகவியல். ஒரு தெருவில் ஒரு செய்தி எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. யாருக்கும் தீங்கில்லாத ஒரு செய்தியை முதல் வீட்டில் சொல்வாள். மறுநாள் வீடு வீடாகப் போய், யார் சொன்னது, எத்தனை மணிக்கு என்று எழுதுவாள். இது எனக்குத் தெரியக் கூடாதுதான். ஆனால் அனெக்ஸில் தூசி தட்டுவது நான். கொப்பிக்கு உள்ளேயும் தூசி இருக்கும்தானே.

முதல் செய்தி, பாலத்தடியில் புது பேக்கரி வரப்போகிறது என்பது. நாலு நாளில் பத்தொன்பது வீடு. அதோடு செத்துப்போயிற்று. பிள்ளை சாப்பிடாமல் கிடந்தாள்.

"என்ன மகள், முகம் வாடிப்போயிருக்கு?"

"ஒன்டுமில்ல ஆன்ட்டி. இந்த லேன்ல யாரும் யாரோடயும் கதைக்கிறதே இல்ல போல."

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடமாக நான் இருக்கும் லேனைப் பற்றி ஒரு கொப்பியில் இப்படியா எழுதிவைப்பது?

இரண்டாவது செய்தி, சனிக்கிழமை தண்ணீர் வராது. நான் அதை மூன்று நாளாக்கினேன். ஒரே நாளில் முப்பத்தாறு வீடு. அன்று பிள்ளை இரண்டாம் தரமும் இடியப்பம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வெளிநாட்டு மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பலாமாம், இன்னொரு செய்தியும் இப்படிப் பரவினால் போதுமாம்.

மூன்றாவது செய்தி என்ன தெரியுமா? பஸ் ஹோல்ட்டைப் பத்தடி தள்ளி வைக்கப்போகிறார்கள். எதிர்வீட்டு ஹபீலாவிடம் சொல்லிப் பார்த்தேன். தேங்காய் துருவுகிற கைகூட நிற்கவில்லை.

அன்று காலையில்தான் ஸ்ரீதரன் சேர் பெரிய பெட்டியோடு படியிறங்கி வந்தார். ஊரில் தங்கச்சிக்குக் கல்யாணம்.

"அன்ரி, பத்து நாளால வாறன். கம்பியள ஒருத்தரும் தொடாமப் பாத்துக்கொள்ளுங்கோ."

"மலை எப்படி சேர்?"

"நகருது அன்ரி. வருசத்துக்கு ரெண்டு மில்லிமீற்றர்."

அவர் பஸ் ஏறியதும் நான் திரும்ப ஹபீலா வீட்டு கேட்டுக்குப் போனேன். மூன்று விஷயம் சொன்னேன். மலை நகருதாம். சேர்தான் சொன்னார். சேர் பெட்டியோட போயிட்டார். மூன்றும் உண்மை. எவ்வளவு நகருது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன மழையில் அங்கங்கே மலை சரிந்த பிறகு எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மலையைப் பார்த்தாலே நெஞ்சு பதறும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் மலையை எடுத்தேன். பயம் இல்லாத செய்தி பத்தொன்பது வீட்டோடு நின்றுவிடும்.

பதினொரு நிமிடம். நாற்பத்திரண்டு வீடும். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீரய்யாவின் த்ரீவீலர், தரத்துக்கு ஒன்பது பேராக நாலு தரம் ஓடியது. அவருடைய மாமனாரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு ஓடியதில் கதிரை உடைந்தது, மாமனாரின் இடுப்பும் உடைந்தது. மஹ்மூத் ஹாஜியாரின் மருமகள் நுஹாவுக்குச் சொன்ன நாளுக்கு மூன்று கிழமை முந்தியே பிரசவ வலி கண்டது. பிறந்த பிள்ளை இன்னும் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில்தான், ஆனால் நல்ல நிறம். பத்து மணிக்கு லேன் முழுவதும் பாடசாலை மைதானத்தில். நானும் போனேன். நான் மட்டும் வீட்டில் இருந்தால் நன்றாக இருக்காதே. போகும்போது அஸீமாவின் கொப்பியை மறக்காமல் எடுத்துக்கொண்டேன்.

மலை அப்படியே இருந்தது. பிறகு ஆட்களுக்குக் கோபம் வந்தது. அதிகாரம் இல்லாமல் எச்சரிக்கை விட்டார் என்று சேர் மேல் மனு எழுதினார்கள். எல்லா வீடும் கையெழுத்து வைத்தது, நானும் வைத்தேன். வாசகமும் என்னுடையதுதான். மாநகர சபையில் கிளார்க்காக இருந்த கை, பிழை வராது. சேரின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பது உங்களுக்குத்தான் தெரியும். மனுவில் உள்ளது உண்மை என்றானால் வேலை போகும். கல்யாண வீட்டிலிருந்தே கோல் எடுத்தார்.

"அன்ரி, நான் அப்பிடிச் சொல்லேல்லை எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே?"

"தெரியும் சேர்" என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

பஸ் ஹோல்ட்டைப் பற்றிக் கேட்கப் போன அஸீமாவுக்கு எல்லா வீட்டிலும் மலைதான் பதில். யார் யாருக்குச் சொன்னது என்று அம்புக்குறி போட்டுப் பார்த்திருக்கிறாள்.

"ஆன்ட்டி, எல்லா அம்பும் உங்கட கேட்லருந்துதான் கிளம்புது."

"வடிவாகத்தானே இருக்கு மகள்."

"மனுசன்ட வேல போகப்போகுது ஆன்ட்டி. நீங்க போய்ச் சொல்லுங்க. இல்லாட்டி நான் இந்தக் கட்டுரையையே கிழிச்சிப் போடுவன்."

கிழிக்கக் கூடாது என்றுதான் இன்றைக்கு வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். மலை விழும் என்று கிளப்பியது வடிவம்மா, நான்தான். சேரின் பெயரை அதில் சேர்த்ததும் வடிவம்மா. டொக்டர் பெயர் இல்லாமல் சொன்னால் யாரும் செருப்பைக்கூடப் போட மாட்டார்கள்.

லேன் ஆட்கள் இப்போதாவது உண்மையை அறிந்துகொண்டார்களா என்று மேடம் கேட்கிறீர்கள். அஸீமா அதற்கும் முயற்சி செய்தாள். சேர் அப்படிச் சொல்லவே இல்லை என்ற செய்தியை, வழக்கம்போல, போன திங்கட்கிழமை எட்டு மணிக்கு முதல் வீட்டில் சொன்னாள். எட்டே காலுக்கு இரண்டாவது வீடு. ஒன்பதுக்கு மூன்றாவது. ஒரு கிழமையாகியும் அதற்கு அப்பால் ஓரடி நகரவில்லை.

மூன்றாவது வீடு என்னுடையது. அடுத்தவர் விஷயத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொல்கிற ஆள் நான் இல்லை, மேடம்.