கொட்டகைக் குழாய்க்கு ஒரு மூடி

வயோமிங்கில் வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் மலையைத்தான் பார்ப்பார்கள், டெபுடி ஷெரிஃப். அதில் தப்பில்லை. நானும் என் மனைவியும் அப்படி மயங்கி வாங்கியவர்கள்தான்.

இங்கே நிலத்தின் மேல்தோல்தான் நமக்கு. அடியில் இருப்பது வேறொருவருக்கு. அவர் எரிவாயு எடுக்கத் துளை போட வந்தால் வேலிக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். எங்கள் வேலியோரம் துளை போட்ட பிறகு குடிநீர்க் கிணற்றிலிருந்து எரிவாயு வர ஆரம்பித்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. கிணற்றின் மேல் இருந்த பம்ப் கொட்டகையில் ஒரு குழாய் வைத்து, வாயுவைக் கூரைக்கு வெளியே விட்டேன். அது ஓயாமல் சீறும். வீடு பார்க்க வந்த ஒரு பேராசிரியர் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் காபியைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டார். மனைவி போய்ச் சேர்ந்த பின் அங்கே இன்னொரு பனிக்காலம் தனியாகக் கிடக்க எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை.

ஆகவே காரெட்டும் அவன் மனைவி லிண்டியும் வீடு பார்க்க வந்த காலையில் குழாய்க்கு மூடி போட்டு இறுக்கினேன். நல்ல பிள்ளைகள். அவள் பிள்ளைத்தாய்ச்சி. தொட்டில் எங்கே போடலாம் என்று இருவரும் செல்லமாகச் சண்டை போட்டார்கள். கையெழுத்தானதும் மூடியைக் கழற்றிவிடுவதாகத்தான் எண்ணம். கழற்றினால் சீறும், சீறினால் கேட்பார்கள். அப்படியே விட்டுவிட்டேன்.

ஜனவரியில் லிண்டி போன் செய்தாள். கொட்டகையில் தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டதாம்.

“காரெட் கேஸ் பர்னரை எடுத்துக்கிட்டு நிக்கிறான். சூடு காட்டலாமா மெர்ல்? நீங்க இருந்த வீடாச்சே, அதான் உங்களையே கேட்டுடலாம்னு.”

இந்தப் பக்கம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். அதையே சொன்னேன்.

“தாராளமா காட்டச் சொல்லும்மா. கதவை மட்டும் சாத்திக்கட்டும். இந்த ஊர் காத்துல பர்னர் தீ நிக்காது.”

நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். போக வழியில்லாத வாயு கொட்டகைக்குள்தான் சேரும் என்று எனக்குத் தெரியும். திரும்பக் கூப்பிட நேரமும் இருந்தது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். காரணம் தெரிந்தால் வீட்டை என் தலையிலேயே கட்டிவிடுவார்கள். போனை ஓரமாக வைத்துவிட்டு முட்டை பொரித்துச் சாப்பிட்டேன்.

காரெட்டுக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் வெடித்ததில் கொட்டகைதான் போனது, வீட்டில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை என்கிறார்கள். நான் அவர்களுக்கு விற்றது வீட்டைத்தானே.